இரண்டு பத்திகளில் அடங்காத பத்தாம் வகுப்பு

கேள்வி:

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். அந்த வகுப்பின் வகுப்பாசிரியரும் நானே. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், மாணவர்களைப் ‘படிப்பில் ஆர்வமுள்ளோர்’, ‘ஆர்வமற்றோர்’ என இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதித் தருமாறு தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். இரண்டாம் பத்தியில் இருப்பவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு நடத்துவது திட்டம். நாற்பது பேரில் பலரை எளிதாக எழுதிவிட்டேன்; நால்வரிடம் பேனா நின்றுவிட்டது.

கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதுவதே இல்லை, வகுப்பில் வாய் ஓயாது. ஆனால் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினி ஏதாவது நின்றுவிட்டால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொருவன் சில மாதங்கள் ஒழுங்காக வருகிறான், சில மாதங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் காணாமல் போகிறான், வந்தாலும் தூங்கிவிடுகிறான். கல்யாணப் பந்தியில் பரிமாறப் போவதாக மற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரு மாணவி காலையில் முதல் ஆளாக வந்து மாலையில் கடைசி ஆளாகப் போகிறாள். ஜூனியர் ரெட் கிராஸ், காலை வழிபாட்டுக் கூட்டம் எல்லாம் அவள் பொறுப்பு, மதிப்பெண்ணோ 40-ஐத் தாண்டுவதில்லை. முதல் பெஞ்சு மாணவியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், எப்போதும் 90-க்கு மேல், இந்த அரையாண்டில் மட்டும் 71. விடைத்தாளை வாங்கியதும் அழுதுவிட்டாள்.

ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர்கள், ஒரே புத்தகம். பிள்ளைகளுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? இவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது? கடைசி பெஞ்சுக்காரனை முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கலாமா? பெயர்களை மறைத்து, ஜூன் முதலான வருகைப் பதிவேட்டின் நகலையும் அந்த மாணவியின் விடைத்தாள் நகலையும் இணைத்திருக்கிறேன்.

– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் பேனா சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நீங்கள் விவரித்திருக்கும் நால்வரையும் இரண்டு பத்திகளுக்குள் எழுத முடியாது. எளிதாக எழுதிவிட்டதாகச் சொல்லும் மற்றவர்களில் சிலரையும் அவ்வளவு எளிதாக எழுதியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதற்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்து முடித்தபோது நால்வரில் யாரைப் பற்றி நான் முதலில் கவலைப்பட்டேன் என்றால், ‘சொல்ல ஒன்றுமில்லை’ என்று நீங்கள் எழுதிய முதல் பெஞ்சு மாணவியைப் பற்றித்தான்.

ஒரு மாணவர் பள்ளியோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறார் என்பதை நாம் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவு செய்கிறோம்: வருகிறாரா, எழுதுகிறாரா, அமைதியாக இருக்கிறாரா. 2004-ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஃப்ரெட்ரிக்ஸ், ஃபிலிஸ் புளூமென்ஃபெல்ட், ஆலிசன் பாரிஸ் ஆகிய மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை, இந்த ஒன்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. நடத்தையில் ஈடுபாடு என்பது வருவதும் எழுதுவதும் விதிகளுக்கு உட்பட்டு நடப்பதும். உணர்வில் ஈடுபாடு என்பது பள்ளியையும் ஆசிரியரையும் தன்னுடையதாக நினைப்பதும், பாடம் பிடித்திருப்பதும் அல்லது அலுத்திருப்பதும். சிந்தனையில் ஈடுபாடு என்பது புரியாததைப் புரிந்துகொள்ள மெனக்கெடுவதும், கடினமான இடத்தில் நின்று முட்டிப் பார்ப்பதும். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவைதான்; ஆனாலும் ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. உங்கள் நால்வரையும் இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். நால்வரும் நான்கு விதமாக விழுவார்கள்.

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களை வைத்து மிங்-டே வாங், ஸ்டீபன் பெக் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. மூன்று அளவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது மாணவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்தார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்தவர்கள், நடுத்தரமானவர்கள், எல்லாவற்றிலும் தாழ்ந்தவர்கள் என்ற மூன்று குழுக்கள் நாம் எதிர்பார்ப்பவையே. உணர்வில் மட்டும் விலகியவர்கள், சிந்தனையில் மட்டும் விலகியவர்கள் என்று மேலும் இரண்டு குழுக்கள் இருந்தன. மதிப்பெண்ணில் மட்டுமல்லாமல் மனச்சோர்விலும் இடைநிற்றலிலும் இந்தக் குழுக்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் மட்டும் கையில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தக் கடைசி இரண்டு குழுக்களும் எளிதில் கண்ணில் படுவதில்லை.

முதல் பெஞ்சு மாணவியின் விடைத்தாளைப் பொறுமையாகப் பார்த்தேன். வரைபட வினாவுக்கு எட்டுக்கு எட்டு. பரவளையம் அச்சடித்தாற்போல இருக்கிறது. அளவுத்திட்டம் வலது மேல் மூலையில், அட்டவணை இடப்பக்கம், எக்ஸ் அச்சை 4, 5 ஆகிய இடங்களில் வெட்டுவதைக் குறித்து, ‘மெய்யான, சமமற்ற தீர்வுகள்’ என்று அடிக்கோடிட்டு முடித்திருக்கிறாள். செய்முறை வடிவியலும் அப்படியே. கட்டாய வினாக்களையோ, இரண்டு மதிப்பெண்ணிலும் சரி, ஐந்து மதிப்பெண்ணிலும் சரி, தொடவே இல்லை. புத்தகத்துக் கணக்கின் சூழலை மாற்றிக் கேட்டிருக்கும் மூன்று இடங்களில் சூத்திரத்தை எழுதி, அடுத்த வரியைத் தொடங்கி, அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அடித்திருப்பதும்கூட ஸ்கேல் வைத்துத்தான்.

ஒரு நாள் அவளைத் தனியே அழைத்து, மதிப்பெண் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு, அதே பரவளையத்தைக் காட்டி இப்படிக் கேளுங்கள்: “இந்த வளைகோட்டை அப்படியே மேலே தூக்கி, அச்சைத் தொடாதபடி வைத்தால், தீர்வைப் பற்றி என்ன எழுதுவாய்? ஏன்?” அவள் எழுத வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிவிடுவாள், படத்துக்கு ஏற்ற வாக்கியம் எது என்பது அவளுக்கு மனப்பாடம். ‘ஏன்’ என்பதற்கு உங்கள் முகத்தைப் பார்ப்பாள் என்றே நான் நினைக்கிறேன். தினமும் ஒரே பேருந்தில் போய்வருபவர் ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒப்பிப்பார். பாலம் வேலை என்று வண்டியை வேறு தெருவில் திருப்பிவிட்டால் ஊரே தெரியாதவராகிவிடுவார். அவளுடைய 90-களும் அவ்வகையில் சேர்ந்தவையாக இருக்கலாம். புத்தகப் பின்வினாக்களும் பழைய வினாத்தாள்களும் திரும்பத் திரும்ப வரும் அலகுத் தேர்வுகளில் சிந்தனையின் பங்கு இல்லாமலே அந்த மதிப்பெண்ணை எடுத்துவிட முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அவளிடம் நடத்தையில் குறையே இல்லை. உணர்விலோ, தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சம்தான் மேலோங்கியிருக்கிறது. ஈடுபாட்டுக்கு நான்காவது முகம் ஒன்றும் உண்டு என்று 2011-இல் ஜான்மார்ஷல் ரீவ், சிங்-மெய் செங் ஆகியோர் எழுதினார்கள்: மாணவர் தாமே முன்வந்து கேள்வி கேட்பது, ‘இது எனக்குப் புரியவில்லை, வேறு மாதிரிச் சொல்லுங்கள்’ என்று கேட்பது, பாடம் போகும் போக்கில் தம் பங்கையும் சேர்ப்பது. இந்த மாணவி இந்த ஆண்டு முழுவதும் உங்களிடம் கேட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்காத பிள்ளைக்கு நல்ல பிள்ளை என்று பெயர் கிடைத்துவிடுவதால், இதை யாரும் குறையாகக் குறிப்பதில்லை.

அவளுக்குக் கூடுதல் பயிற்சித் தாள்கள் தர வேண்டாம்; அவற்றையும் அழகாக எழுதி முடித்துவிடுவாள். நாளுக்கு ஒரு கணக்கு, வழிமுறை காட்டப்படாத கணக்கு, தனி நோட்டில் பென்சிலால் எழுதட்டும். விடை வராவிட்டாலும் எங்கே நின்றாள் என்பதை ஒரு வரியில் எழுதினால் போதும். முதல் வாரம் அந்த நோட்டில் நீங்கள் சிவப்பு மை தொடாதீர்கள். ‘சூப்பர், சுத்தமாக எழுதியிருக்கிறாய்’ என்ற பாராட்டைக் குறைத்துக்கொண்டு, ‘இந்த இடத்தில் வேறு வழியை முயன்றிருக்கிறாயே’ என்பதைக் கூட்டுங்கள். இதனால் அடுத்த திருப்புதல் தேர்வில் மதிப்பெண் சற்று இறங்கலாம். அதை அவளிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் 71-க்கே வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. அழுகை சில நாளில் அடங்காமல், சாப்பாடும் தூக்கமும் குறைந்து, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது போன்ற பேச்சு காதில் விழுந்தால் காத்திருக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையோ, டெலிமானஸ் மனநல ஆலோசனை எண்ணான 14416-ஐயோ அழைத்து, நேரில் பார்க்க வேண்டிய மருத்துவரை அவர்கள் வழியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

இனி, பந்தி பரிமாறப் போகும் மாணவன். நீங்கள் அனுப்பிய பதிவேட்டை ஒரு தினசரி நாள்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை அவன் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரையும் அப்படியே. டிசம்பர் 16-க்குப் பிறகும் அப்படியே. ஆடி, புரட்டாசி, மார்கழி. மற்ற மாதங்களில் அவன் வராத நாள்கள் பெரும்பாலும் முகூர்த்த நாள்கள், அல்லது முகூர்த்தத்துக்கு மறுநாள்கள். முதல் நாள் மாலை வரவேற்பு விருந்து, மறுநாள் விடியலில் காலைப் பந்தி, பிறகு மதியப் பந்தி என்று நின்றவன் அதற்கு அடுத்த நாள் முதல் பீரியடில் தூங்காமல் இருந்தால்தான் வியப்பு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் வரும் பையனை எப்படி ஆர்வமற்றோர் பத்தியில் எழுத முடியும்? அவன் வராமலிருப்பதற்கான காரணம் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. வர முடிகிற எல்லா நாளும் வருகிறான். ஆனால் அடுத்து வருவதை யோசியுங்கள். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். தையும் மாசியும்தான் உங்களுடைய திருப்புதல் தேர்வுக் காலம். இப்போதே பேசாவிட்டால், மார்கழியில் நீங்கள் பார்த்த மாணவனை மார்ச்சில் தேர்வு அறையில் பார்க்க முடியாமல் போகலாம்.

அவனுக்கு வயது பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. சட்டம் கைவிடும் வயதில்தான் பொதுத்தேர்வு வருகிறது. ஆகவே அதட்டலுக்கோ புகாருக்கோ இங்கே பெரிய பயன் இல்லை. வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கடனுக்கு இந்தப் பணம் போகிறது என்பதை அவனுடைய அம்மாவிடமோ பாட்டியிடமோ நேரில் கேட்டறியுங்கள். பள்ளிக்கு வரச் சொல்லாமல் நீங்களே போனால் உண்மை வரும். வேலையை அடியோடு நிறுத்தச் சொன்னால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டு மாதங்களுக்கு மாலை வரவேற்பு வேண்டாம், விடுமுறை நாள் பந்திக்கு மட்டும் போகட்டும் என்பது போன்ற ஒரு பேரத்துக்கு இடம் இருக்கும். அவனோடு உட்கார்ந்து தை, மாசி மாதங்களின் முகூர்த்த நாள்களை நாள்காட்டியில் வட்டமிட்டு, எந்த நாள் கட்டாயம் வர முடியாது என்பதை அவனையே சொல்லச் சொல்லுங்கள். அந்த நாள்களின் பாடத்தை ஒரு பக்கத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பத்தாம் வகுப்போடு முடிந்துவிடாது என்பதையும் அந்த வீட்டில் யாராவது சொல்ல வேண்டும்: அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகஸ்ட் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. பந்தியில் வரும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல என்றாலும், படிப்பு முழுக்கச் செலவுதான் என்ற கணக்கை அது சற்று மாற்றும்.

கடைசி பெஞ்சு மாணவனைப் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டு தகவல்கள் முரண்படுவதுபோலத் தோன்றுகின்றன. உங்கள் பீரியடில் எதையும் தொடாதவன், ஆய்வகத்தில் நின்றுபோன கணினியின் முன்னால் போய் உட்காருகிறான். முரண் ஒன்றும் இல்லை. ஈடுபாடு பிள்ளையின் உடம்போடு பிறந்த குணம் அன்று. அந்தப் பிள்ளைக்கும் அந்த வேலைக்கும் அந்த இடத்திலிருக்கும் மனிதர்களுக்கும் இடையில் உண்டாவது. ஆய்வகத்தில் அவனுக்குத் தெரியும், பிறருக்குத் தெரியாது. வகுப்பில் இது தலைகீழ். அவனுடைய ஓயாத வாய், தனக்குத் தெரியாது என்பது வெளியே தெரியாமல் இருக்க அவன் கட்டியிருக்கும் சுவராகவும் இருக்கலாம்.

பள்ளியிலிருந்து விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்று ஜெரமி ஃபின் 1989-இல் எழுதினார். பாடத்தில் பங்கெடுக்க முடியாத பிள்ளை தோற்கிறது. தோற்கத் தோற்க ‘இது என் இடமில்லை’ என்ற எண்ணம் வளர்கிறது. எண்ணம் வளர்ந்தபின் பங்கெடுப்பு இன்னும் குறைகிறது. இது தொடக்க வகுப்புகளிலேயே ஆரம்பித்துவிடும் என்பது அவர் கருத்து. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி. அந்த ஏற்பாட்டை நான் ஆதரிப்பவன்தான். ஆயினும் ஆறாம் வகுப்பில் பின்னத்தில் தடுமாறியவன் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை யார் கண்ணிலும் படாமல் வந்துவிட முடிகிறது என்பதும் உண்மை. பத்தாம் வகுப்புக் கணக்கைக் கேட்காமல், வெவ்வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொல்லுங்கள். குறை எண்ணிலிருந்து குறை எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். தனியாக, யாரும் இல்லாத நேரத்தில். எந்த வகுப்பில் அவன் நின்றுபோனான் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூடவே தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துக் கூட்டியோ, சொற்களை ஊகித்தோ படித்தால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைத்துப் பார்க்கச் சொல்வது அவசியம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். நேரம் குறைவாக இருப்பதால் இதை இந்த வாரமே செய்ய வேண்டும். குறைபாடு இல்லை என்று தெரிந்தாலும் நட்டமில்லை. தேர்ச்சிக்கான 35-க்கு வழி, வரைபடமும் வடிவியலும் 16, மீதி ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்கள் என்று மெல்லக் கற்போருக்கு நாம் வழக்கமாகப் போடும் கணக்கு அவனைத் தேர்ச்சி பெறச் செய்யலாம்; அதை நான் குறை சொல்லவில்லை, ஜனவரியில் வேறு வழியும் குறைவு. அந்த 16-ஐத் தரும்போது ஏன் அப்படி வரைகிறோம் என்பதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் பையன் அந்த ‘ஏன்’-ஐ முதல் பெஞ்சு மாணவியைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டாலும் நான் வியப்படைய மாட்டேன்.

காலையில் முதல் ஆளாக வரும் மாணவிக்கு உணர்வில் ஈடுபாடு நிறைய உண்டு. பள்ளி அவளுக்கு நல்ல இடம். வீடு எப்படிப்பட்ட இடம் என்பதை மட்டும் மென்மையாக விசாரித்துக்கொள்ளுங்கள், அச்சம் தரும் செய்தி எதுவும் தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. படிப்பில் பின்தங்கியிருக்கிறாள் என்பதற்காக ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பை அவளிடமிருந்து பிடுங்கிவிட வேண்டாம். ‘முதலில் பாடத்தைப் பார், பிறகு மற்றது’ என்பது நம் பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. இவளைப் பொறுத்தவரை அந்த மற்றதுதான் அவளைப் பள்ளியில் நிறுத்தியிருக்கிறது.

ஒரே வகுப்பறையில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வகுப்பறையில் இருந்தாலும் நால்வரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து ஊகித்திருப்பீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணமும் உண்டு. வளரிளம் பருவத்தில் பிள்ளைகள் தாமே முடிவெடுக்கவும், நண்பர்களோடு இருக்கவும், நம்பத்தக்க ஒரு பெரியவரின் அருகாமையையும் நாடும் வேளையில், பள்ளி அவற்றுக்கு எதிர்த்திசையில் இறுக்கத் தொடங்குகிறது என்று ஜாக்குலின் எக்கிள்ஸும் அவருடைய சகாக்களும் 1993-இல் எழுதினார்கள். அவர்கள் எழுதியது அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி. பத்தாம் வகுப்பு நடக்கும் நம் வராந்தாவில் நின்று பார்த்தாலும் அதே காட்சிதான். விளையாட்டு பீரியட் போகிறது, ஓவிய பீரியட் போகிறது, காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒரு சிறப்பு வகுப்பு, எதை எப்போது படிப்பது என்பது முழுக்கப் பெரியவர்கள் கையில். மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. வகுப்பறையில் ரேங்க் வாசிப்பதை நாம் இன்னும் நிறுத்தவில்லை. விளையாட்டு பீரியடைக் கடன் வாங்குவதில் கணித ஆசிரியர்களுக்கு நிகர் யாருமில்லை என்று உடற்கல்வி ஆசிரியர்கள் என்னிடம் சொல்வதுண்டு; நீங்கள் விதிவிலக்காக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கைக்குள் இருக்கும் சிறு இடங்களில் தேர்வுரிமையைத் திருப்பிக் கொடுக்கலாம். பத்துக் கணக்குகள் கொடுத்து ஆறைத் தேர்ந்தெடுத்துப் போடச் சொல்வது, எந்த அலகை முதலில் திருப்புவது என்று வகுப்பையே கேட்பது, வாரத்தில் ஒரு பீரியடையாவது உடற்கல்விக்குத் திரும்ப விடுவது ஆகியவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஆறு கணக்கு ஐந்தாகக் குறையும். எந்த ஆறு என்பதை வைத்து, யாருக்கு எது பிடிபட்டிருக்கிறது என்பதை நீங்கள் படிக்கலாம். எல்லோரும் பத்தையும் போட்டுவந்தபோது அது தெரிந்திருக்காது.

தலைமையாசிரியருக்கு இரண்டு பத்திகளுக்குப் பதிலாக நான்கு பத்திகள் கொண்ட தாளைக் கொடுங்கள்: பெயர், வருகையும் எழுத்து வேலையும், பள்ளியைப் பற்றி என்ன உணர்கிறார், புரிந்துகொள்ள எவ்வளவு முயல்கிறார். மூன்றாவது பத்தியை நிரப்ப மற்றப் பாட ஆசிரியர்களிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் கேட்டே ஆக வேண்டும். ஒரு பீரியடில் மட்டும் பார்த்து எழுதுவது நியாயமாக இருக்காது. தாளின் மேலே தேதியைக் குறிப்பிடுங்கள், பிப்ரவரியில் மறுபடி எழுதுங்கள். அவருக்கு வேண்டியது சிறப்பு வகுப்புக்கு யார் யார் என்பதுதானே? அதற்கும் இந்தத் தாள் உதவும். கடைசி பெஞ்சு மாணவனுக்கும் ஜூனியர் ரெட் கிராஸ் மாணவிக்கும் அடிப்படையிலிருந்து தொடங்கும் மாலை வகுப்பு பயன்படும். பந்திக்குப் போகும் மாணவனை மாலை வகுப்பில் சேர்த்தால், வராதவர் பட்டியலில் இன்னொரு வரி சேருமே தவிர வேறு பயனில்லை; அவனுக்கு மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பெஞ்சு மாணவிக்கு மாலை வகுப்பே வேண்டாம்.

இருக்கையைப் பற்றிய கேள்வி. எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி எழுப்பி, முதல் பெஞ்சில் உட்கார வைத்தால், அது தண்டனை என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சாகிவிடும். வகுப்பு முழுவதற்கும் இடம் மாற்றும் ஒரு நாளில், அவனை இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், அவனுக்குப் பிடித்த ஒரு நண்பனோடு சேர்த்து வையுங்கள். முதல் வாரம் அவனை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். அவன் பெஞ்சின் பக்கமாக நடந்துபோகும்போது குனிந்து ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதற்காக ஆய்வகத்துக்குப் போகக் கூடாது என்று யாராவது தடை போட்டிருந்தால் அதை நாளைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கல்வி உளவியல் ஆலோசகர்